ஓடும்போது குளிர்கிறது, நின்றால் சுடுகாற்று: கார் ஏசிக்கு கேஸ் அடிக்கலாமா?

ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது, நெரிசலில் நின்றால் சுடுகாற்று வருகிறது, கராஜில் கேஸ் குறைவு என்கிறார்கள், அடிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்காதீர்கள். காரின் முன்பக்கக் கிறிலுக்குள் இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் வரைக்குமாவது அடிக்காதீர்கள். ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்பது என் ஊகம். நான் இரண்டு தடவை அடித்தவன்.

நீ என்ன மெக்கானிக்கா என்று கேட்க வருகிறவர்களுக்கு: இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறேன். சொந்தக் காசு போனதால் கற்றுக்கொண்டது இது.

போன வருடம் ஆடி மாதம், கச்சான் காற்று அனலாக வீசுகிற நேரம். அம்மாவைக் கிளினிக்குக்கு மட்டக்களப்புக்குக் கூட்டிப் போவேன். ஆரையம்பதி வரை பிரச்சினையே இல்லை. காத்தான்குடிக்குள் வீதி நடுவில் பேரீச்ச மரங்கள் தொடங்கும் இடத்தில் வாகனங்கள் ஊரத் தொடங்கும். நாலைந்து மரம் தாண்டுவதற்குள் காற்று சூடாகிவிடும், அம்மா சேலைத் தலைப்பால் விசிறத் தொடங்குவார். கல்லடிப் பாலத்தில் ஏறினால் திரும்பவும் குளிரும். "வாவிக் காத்துப் பட்டதும் ஏசியும் நல்லா வேலை செய்யுது மகன்" என்றார் அம்மா. முக்கால்வாசி விடை அதிலேயே இருந்தது. எனக்குத்தான் விளங்கவில்லை.

முதல் கராஜில் கேஸின் அழுத்தம் பார்க்கும் மீட்டர்கூட மாட்டாமல் கேஸ் அடித்தார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு அதே இடத்தில் இன்னொரு தடவை. அதன் பிறகு நின்றால் சுடுவது மட்டுமில்லை, கொம்பிரசரும் டக் டக் என்று விட்டு விட்டுப் பிடித்தது. அடுத்த கராஜ்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு கொம்பிரசர் போய்விட்டது, ரீகண்டிஷன் ஒன்று போட 85,000 ரூபா வரும் என்றார். எல்லாக் கராஜையும் குறை சொல்லவில்லை. நல்ல மெக்கானிக் பாஸ்மாரும் இருக்கிறார்கள், எனக்கு வாய்த்தவர்களைச் சொல்கிறேன்.

கடைசியில் கூடப் படிப்பிக்கும் ஒருவர் ஒரு தம்பியிடம் அனுப்பினார். இருபத்து நாலு வயதுதான் இருக்கும். அவர் கேஸ் போத்தலைத் தொடவே இல்லை. காரை நிறுத்தி வைத்து ஏசியைப் போடச் சொல்லி, முன்னால் குந்தி இருந்து கிறிலுக்குள் பார்த்தார். பிறகு ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, கிறில் வழியாகக் கொன்டென்சர் மேல் மெதுவாக ஊற்றினார். "உள்ளே கையை வைச்சுப் பாருங்க சேர்." சில்லென்று வந்தது. போத்தல் தீர்ந்து ஒரு நிமிடம் போனதும் பழையபடி வெக்கை.

கொம்பிரசர் கேஸை நெருக்கும்போது அது கொதிக்கச் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே விடுகிற இடம் கொன்டென்சர். கார் ஓடினால் எதிர்க்காற்றே அதைக் குளிர்த்திவிடும், நின்றால் ஃபேன்தான் குளிர்த்த வேண்டும். என் காரில் அந்த ஃபேன் செத்துக் கிடந்தது. ரேடியேட்டருக்கு வேறு ஃபேன் இருந்ததால் எஞ்சின் சூடாகவில்லை, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. தம்பி நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மோட்டரில் இரண்டு தட்டுத் தட்டினார். ஃபேன் முனகிக்கொண்டு அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. "மோட்டருக்குள்ள கரண்ட் குடுக்கிற காபன் தேஞ்சு போச்சு சேர்." அது போதாதென்று, நெல் வெட்டு மெஷின்கள் ஓடிய வயல் வீதிகளில் போய் வந்ததில் கொன்டென்சர் இடுக்கெல்லாம் நெல் உமியும் வைக்கோல் தூசும்.

கேஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீருகிற சாமான் இல்லை. ரப்பர் குழாய் வழியே பல வருடத்தில் கொஞ்சம் குறையும், அதை மறுக்கவில்லை. மாதக் கணக்கில் குறைந்தால் எங்கோ கசிகிறது, முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கோ குறையவே இல்லை. அளவுக்கு மேல் அடித்ததில் அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச் கொம்பிரசரை வெட்டி வெட்டி விட்டது. டக் டக் சத்தம் அதுதான். மீட்டர் மாட்டியபோது காரை நிறுத்திய நிலையில் உயர் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு மீட்டரின் முள் 300 psi-ஐத் தாண்டி நின்றது. ஃபேன் மோட்டர் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது, 9,500 ரூபா. பழைய கேஸை முழுக்க எடுத்து, அரை மணித்தியாலம் வெக்கியூம் வைத்து உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி, பொனட்டின் கீழ் ஸ்டிக்கரில் இருந்த அளவைத் தராசில் நிறுத்து அடித்தார். முள் 220 அளவில் நின்றது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தம்பி என்விகியூ 4 என்ற தேசியத் தொழில் தகைமை முடித்தவர், சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார், என்னை விட இரண்டு மடங்கு உழைப்பார். சொன்னேன். "கராஜ்காரனா?" என்றார் அக்கா. அதோடு பேச்சு முடிந்தது. கவன்மென்ட் உத்தியோகம் என்ற ஒரே தகுதியோடு வந்த ஒருவருக்குத்தான் முற்றாகியிருக்கிறது. அந்த உத்தியோகத்தில் இருபது வருடம் இருக்கிற நான் லீசிங் கட்ட என்ன பாடுபடுகிறேன் என்று அக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, உங்கள் விஷயம். நடு மத்தியானத்தில் காரை நிறுத்தி ஏசியை முழுக்கப் போட்டு, ஃபேனைக் கண்ணால் மட்டும் பாருங்கள். கையை விட்டுவிடாதீர்கள், திடீரென்று சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் கொன்டென்சர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சுத்தம் என்றால்தான் மீட்டர். உங்களுடையது ஹைபிரிட் என்றால் தெருக் கராஜில் எதையும் திறக்க விடாதீர்கள். பெரும்பாலான ஹைபிரிட்டில் கொம்பிரசர் உயர் வோல்டேஜ் மின்சாரத்தில் ஓடுகிறது, அதற்குள் இருக்கும் எண்ணெயும் வேறு வகை. சாதாரண எண்ணெய் கலந்தால் மின்காப்புப் போய் கொம்பிரசர் பழுதாகும்.