பையன் ஐடிஐ போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறானா? பயப்படாதீங்க அக்கா

அக்கா, உங்க மெசேஜை ரெண்டு தடவை படிச்சேன். டென்த்ல மார்க் கம்மி, வீட்டுக்காரர் எப்படியாவது ப்ளஸ் ஒன் சேர்த்து அப்புறம் இன்ஜினியரிங்னு சொல்றார், பையன் ஐடிஐதான்னு நிக்கிறான், சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க, நாளைக்கு பொண்ணு குடுப்பாங்களான்னு நீங்க தூக்கம் இல்லாம இருக்கீங்க. ஆனா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, தண்ணி மோட்டார் ஓடலைன்னு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கழட்டிட்டு உக்காந்திருந்தான், சாப்பிடக்கூட வரலைன்னு. எனக்கு மார்க் ஷீட்டை விட அதுதான் முக்கியம்.

அவன்கிட்ட ஒண்ணு கேளுங்க, அந்த மோட்டார்ல எது புடிச்சது, பேரிங்கும் ஷாஃப்டுமா, இல்ல காயில் கட்டுறதும் கரண்ட் வர்ற வழியுமா? பேரிங்கும் ஷாஃப்டும்னா ஐடிஐல ஃபிட்டர் கோர்ஸ், காயில்னா அவனுக்கு எலக்ட்ரீஷியன். ஃபிட்டர்ல ஆரம்ப மாசங்கள்ல இரும்புத் துண்டை வைஸ்ல புடிச்சு அரம் போட்டு ராவிக்கிட்டே இருக்கணும், கை கொப்புளிக்கும், வெர்னியர்ங்கிற அளவு கருவில வெச்சு பார்த்தா அளவு தப்பியிருக்கும், மறுபடி முதல்ல இருந்து. நிறைய பசங்க அங்கதான் வெறுத்துப் போறாங்க. அதைத் தாண்டி, அளவு சரியா வந்த அன்னைக்கு மூஞ்சில ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அது வந்த பையன் அப்புறம் விட மாட்டான். நம்ம சேலம் செவ்வாப்பேட்டைல வெள்ளிக் கொலுசு செய்றவங்களுக்கும் அதே பொறுமைதானே, அதை யாராவது சின்ன வேலைன்னு சொல்லுவோமா?

அதனால இந்த லீவுல பதினஞ்சு நாள் தெரிஞ்ச, மோட்டார் காயில் கட்டுற ரீவைண்டிங் கடைலயோ லேத் பட்டறைலயோ சும்மா கூட நிக்க விடுங்க, மெஷின் கிட்ட கை வைக்க வேண்டாம், பார்த்தா போதும்.

பணம் பத்தி கவலைப்படாதீங்க. அரசு ஐடிஐல டியூஷன் பீஸ் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. ஆறாவதுல இருந்து அரசு பள்ளின்னா தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் கேட்டுப் பாருங்க. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் ரெண்டும் 2 வருஷம். முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், ரயில்வேல அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது ரயில் உதவி டிரைவர் வேலைக்கு பரீட்சை எழுதலாம், படிப்பு அதோட நிக்காதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

கஷ்டமும் சொல்லிடறேன். முதல் சம்பளம் கம்மி, கான்ட்ராக்ட்ல எடுத்து வருஷக்கணக்கா இழுக்கிற இடங்களும் இருக்கு. அதனால கோர்ஸ் முடிச்ச உடனே கிடைச்ச வேலைக்கு ஓடாம அப்ரன்டிஸ், அதாவது கம்பெனில வேலை பழகுற பயிற்சி முடிக்கணும், மேட்டூர் அனல்மின் நிலையம், சேலம் ஸ்டீல் பிளான்ட் மாதிரி இடங்கள்ல அறிவிப்பு வருதான்னு பார்த்துட்டே இருக்கணும். தனியார் ஐடிஐன்னா மத்திய அரசு அங்கீகாரம் (என்சிவிடின்னு சொல்லுவாங்க) இருக்கா, ஒர்க்‌ஷாப்ல மெஷின் நிஜமாவே ஓடுதான்னு நேர்ல பார்க்காம ஒரு ரூபா கட்டாதீங்க.

ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாங்க, தம்பியே பேசட்டும், அந்த மோட்டார் கதையை அவன் வாயால கேக்கணும்.