எந்தச் சங்கம், எந்த வருடத்துத் தாள்?

கேள்வி: என் தங்கைக்கு முதல் பிரசவம், சுகப்பிரசவம்தான். குழந்தையின் தலை தெரிந்ததும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிறப்புறுப்பின் ஓரத்தை வெட்டிவிட்டு, பிறகு தையல் போட்டார்கள். ஆறு வாரம் ஆகியும் அவளால் சரியாக உட்கார முடியவில்லை. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். “முதல் பிரசவம் என்றால் எல்லோருக்கும் செய்வதுதான், எங்கள் சங்கத்தின் வழிகாட்டுதலே அப்படித்தான்” என்று வாயை அடைத்துவிட்டார்கள். இந்த மகப்பேறு மருத்துவர்களுக்குச் சங்கம் எதற்கு? மாநாடு நடத்தவும், ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ளவும்தானே?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஆனால் அது தவறான இடத்தில் போய் விழுகிறது. உங்களிடம் சொல்லப்பட்டது உண்மையல்ல. முதல் பிரசவம் என்ற ஒரே காரணத்துக்காக வெட்டு என்று இன்றைக்குப் பெரிய மகப்பேறு மருத்துவச் சங்கங்கள் சொல்வதில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் 2006-லேயே, இந்த வெட்டை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யாதே, தேவைப்பட்டால் மட்டும் செய் என்று எழுதிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளிலும் அதையேதான் சொல்கிறது: தானாக நடக்கும் பிரசவத்தில் வழக்கமாகவோ தாராளமாகவோ வெட்டுவது பரிந்துரைக்கப்படவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும்போது, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க வேண்டி வரும்போது என்று அந்த வெட்டுக்குச் சரியான நேரங்கள் உண்டு. அப்படி ஏதாவது நடந்திருந்தால் அதைத்தான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். “எல்லோருக்கும் செய்வதுதான்” என்பது காரணம் ஆகாது.

சரி, பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்? ஒரு சங்கத்தின் மேடையிலிருந்துதான். உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது. 1920-ல் சிகாகோவைச் சேர்ந்த ஜோசப் டிலீ என்ற மருத்துவர், அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு கட்டுரை படித்தார். பிரசவம் என்பது இயற்கையான நிகழ்வு என்று பேசிக்கொண்டிருப்பது சரியல்ல, அது தாயின் உடலைக் கிழிக்கும், குழந்தையின் தலையை நசுக்கும் என்பது அவர் வாதம். அதனால் தாயை மருந்தால் மயக்கத்தில் ஆழ்த்தி, முன்கூட்டியே வெட்டி, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்து, உடனே தைத்துவிட வேண்டும் என்றார். டிலீ கொடூரமான மனிதர் அல்ல. ஏழைப் பெண்களுக்காகப் பிரசவ மருத்துவமனை தொடங்கியவர், தாய்மார்கள் சாவதைப் பார்த்துப் பதறியவர். ஆனால் வெட்டினால் நல்லது என்பதற்கு அவர் கையில் ஒப்பீட்டுச் சோதனை எதுவும் கிடையாது. பெரிய மனிதர், பெரிய மேடை. அந்தக் கட்டுரை சங்கத்தின் இதழில் அச்சானது, பாடப்புத்தகத்துக்குப் போனது, பாடப்புத்தகத்திலிருந்து பிரசவ அறைக்குப் போனது. 1979-ல் அமெரிக்காவில் சுகப்பிரசவம் ஆன பெண்களில் சுமார் 61 சதவீதம் பேருக்கு இந்த வெட்டு விழுந்திருக்கிறது.

அப்புறம் ஆள் ஆளாகக் கேட்கத் தொடங்கினார்கள். 1983-ல் தாக்கர், பாண்டா என்ற இருவர் அதுவரை எழுதப்பட்ட எல்லாவற்றையும் தேடிப் படித்துவிட்டு, இந்த வெட்டால் நன்மை என்பதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். 1993-ல் அர்ஜென்டினாவில் 2,606 பெண்களைச் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு வந்தது. ஒரு பிரிவில் வழக்கம்போல வெட்டினார்கள், மற்றொன்றில் தேவைப்பட்டால் மட்டும். தேவைப்பட்டால் மட்டும் வெட்டியதால் பெரிய கிழிசல்கள் கூடிவிடவில்லை. வலியும், புண் ஆறுவதில் சிக்கலும் வழக்கமாக வெட்டிய பிரிவில்தான் அதிகம். அமெரிக்காவில் 2012-க்குள் இந்த வெட்டு சுமார் 12 சதவீதமாகக் குறைந்துவிட்டது. டிலீ மேடையில் சொன்னதற்கும் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் 2006-ல் அதைத் திருத்தி எழுதியதற்கும் நடுவே 86 வருடங்கள். இவ்வளவு தாமதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்த 86 வருடங்களில் எத்தனை பெண்கள் உங்கள் தங்கையைப் போல வலியோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனாலும் சங்கமே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பழக்கத்தைத் தனி மருத்துவர் யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. தன் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை நிறுத்த ஒருவருக்கு எழுத்தில் ஒரு பாதுகாப்பு வேண்டும். “நான் வெட்டவில்லை, என் சங்கமும் அதையே சொல்கிறது” என்று அவரால் தலைமை மருத்துவரிடம் சொல்ல முடிய வேண்டும். அந்தத் தாளைத் தருவதுதான் சங்கத்தின் முதல் வேலை. மாநாடெல்லாம் அதற்குப் பிறகு.

நல்ல சங்கம் என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டன் நல்ல உதாரணம். அங்கே 1952 முதல் பிரசவத்தை ஒட்டி நேர்ந்த தாய்மார்களின் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விசாரிக்கிறார்கள். பெயர் வெளியே வராது, மருத்துவமனை பெயரும் வராது. யாரையும் தண்டிக்க அல்ல என்பதால் மருத்துவர்களும் நர்சுகளும் நடந்ததை மறைக்காமல் சொல்கிறார்கள். அப்படி விசாரித்ததில் திரும்பத் திரும்ப வந்த ஒரு காரணம், காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வது. நேற்று வரை நன்றாக இருந்தவள் இன்று மூச்சுத் திணறிச் சரிந்துவிடுவாள். 2004-ல் அரச மகப்பேறு மருத்துவர் கல்லூரி ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பெயரில்தான் கல்லூரி, அது அந்த நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் சங்கம். கர்ப்பம் தொடங்கும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் எடை, வயது, முன்பு இரத்தம் உறைந்தது உண்டா, சிசேரியனா என்று பார்த்து ஆபத்தைக் கணக்கிட வேண்டும், தேவையானவர்களுக்கு இரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட வேண்டும். 2003 முதல் 2005 வரை இந்தக் காரணத்தால் இறந்தவர்கள் 41 பேர். 2006 முதல் 2008 வரை 18 பேர். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த ஊசியை யாருக்கு, எப்போது என்று எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். மாநாட்டு மேடையைப் பார்த்துவிட்டு ஒரு சங்கத்தை எடைபோடுகிறவர்களுக்கு இந்த 23 உயிர்களின் வித்தியாசம் கண்ணில் படாது.

இன்னொன்று, சென்ற வருடங்களில் நடந்தது. பிரசவம் முடிந்ததும் இரத்தம் கொட்டுவதுதான் உலகம் முழுக்கத் தாய்மார்களைக் கொல்லும் பெரிய எதிரி. எவ்வளவு இரத்தம் போனது என்பதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதுதான் வழக்கம். துணியில் ஊறியது, தரையில் வழிந்தது எல்லாம் சேர்ந்தால் கணக்கு பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். இதற்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது. தாயின் இடுப்புக்குக் கீழே விரித்தால் அதன் முனையில் ஒரு பை தொங்கும், பையில் மில்லி லிட்டர் கோடுகள் போட்டிருக்கும். கோட்டைத் தொட்டதும் ஆள் பதறாமல் வேலையைத் தொடங்கலாம்: கருப்பையை அழுத்திவிடுவது, கருப்பையைச் சுருக்கும் மருந்து, இரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழியே திரவம், எங்கிருந்து இரத்தம் வருகிறது என்று பார்ப்பது. எல்லாம் ஒரே நேரத்தில். கென்யா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். கடுமையான இரத்தப்போக்கும் அதனால் வரும் பெரிய விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. 2023-ல் முடிவு வந்தது. 2025-ல் உலக சுகாதார நிறுவனமும், ஃபிகோ என்ற சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பும், மருத்துவச்சிகளின் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து வழிகாட்டுதல் கொண்டுவந்தன. 500 மில்லி வரை காத்திருக்காதே, 300 மில்லி போனதும் நாடித் துடிப்போ இரத்த அழுத்தமோ சரியில்லை என்றால் அப்போதே இறங்கு என்பது அதன் சாரம். இரண்டே வருடம். அந்த 86-ஐ இந்த இரண்டோடு வைத்துப் பாருங்கள். ஃபிகோ 1954-ல் ஜெனிவாவில் தொடங்கியது, இன்று 130-க்கும் மேற்பட்ட தேசியச் சங்கங்கள் அதில் இருக்கின்றன. அது சொன்னால் மூலை முடுக்கில் இருக்கும் மருத்துவர் காதிலும் விழும்.

சங்கத்திடம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மருத்துவரின் பதிவை ரத்து செய்வது சங்கத்தின் வேலையல்ல. அந்த அதிகாரம் சட்டப்படி அமைந்த மருத்துவக் கவுன்சிலுக்குத்தான். எனவே உங்கள் புகாரைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் மருத்துவமனைக்கு எழுத்தில் கேளுங்கள், பதில் திருப்தி இல்லையென்றால் கவுன்சிலுக்குப் போங்கள்.

மருந்துக் கம்பெனிகள் மாநாட்டுக்குப் பணம் தருவதைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் கேள்விக்குள் அது இருக்கிறது. வழிகாட்டுதலை எழுதும் குழுவில் யார் யார், யாரிடம் அவர்கள் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பதை அந்தத் தாளிலேயே அச்சிட வேண்டும். அச்சிடாத தாளை நம்ப வேண்டிய கடமை நமக்கு இல்லை.

இப்போது உங்களுக்கு. “சங்கத்தின் வழிகாட்டுதல்” என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சங்கம், எந்த வருடத்துத் தாள், அதில் எந்த வரி என்று மரியாதையாகக் கேளுங்கள். இந்தத் தாள்கள் பல இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி கிடைக்கின்றன, நோயாளிகளுக்கென்றே எளிய மொழியில் எழுதியவையும் உண்டு. தங்கையின் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வெட்டியதற்குக் காரணம் எழுதியிருக்கிறதா, குழந்தையின் இதயத் துடிப்பு அந்த நேரத்தில் எவ்வளவு, அவளிடம் சம்மதம் கேட்டதாகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சம்மதம் என்பது உபசார வார்த்தை அல்ல. மருத்துவர் பரிந்துரைக்கும் சிகிச்சையைக் கர்ப்பிணி மறுத்தாலும் அவளை வற்புறுத்தக் கூடாது என்று அமெரிக்கச் சங்கம் 2016-ல் தன் உறுப்பினர்களுக்கு எழுதியிருக்கிறது. வலியில் துடிக்கும் பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்பார்கள். அதனால்தான் பிரசவத்துக்கு முன்பே, மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும்போதே இதைப் பேசிவைக்க வேண்டும். அடுத்து அவளுக்கோ உங்கள் வீட்டில் வேறு யாருக்கோ பிரசவம் என்றால் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இங்கே வெட்டு வழக்கமா, எப்போது வெட்டுவீர்கள், அதற்கு முன் என்னிடம் சொல்வீர்களா? இதற்கு முகம் சுளிக்கும் மருத்துவரிடமிருந்து விலகி வேறொருவரைத் தேட இன்னும் நேரம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

புகாரைவிட அவசரமானது தங்கையின் உடல். ஆறு வாரத்துக்குப் பிறகும் உட்கார முடியாத வலி என்றால், “தையல் அப்படித்தான் இருக்கும்” என்ற பதிலை ஏற்க வேண்டாம். வேறொரு மகளிர் நல மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், துர்நாற்றத்தோடு நீர் வடிதல், தையல் விட்டுப்போதல் இருந்தால் இன்றே போங்கள். வாயுவையோ மலத்தையோ அடக்க முடியவில்லை என்றால், ஆசனவாய்த் தசை வரை கிழிந்திருந்ததைப் பிரசவ நேரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அதைப் பெண்கள் அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டார்கள், நீங்களாகவே அவளிடம் கேளுங்கள். அதற்குப் பரிசோதனை உண்டு, இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி உண்டு, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு.