கன்டிடா மதுவத்தைத் தேடும் எலைசாச் சோதனையில், நிறம் வந்தே ஆகவேண்டிய நேர்க் கட்டுப்பாட்டுக் குழி கூட நிறம் மாறவில்லை. நொதியம் இணைத்த பிறபொருளெதிரி பழுதாகிவிட்டதா?

பழுதாகியிருக்கலாம். ஆனால் புதுப் போத்தலுக்குக் கொழும்புக்கு எழுத முதல், நீங்கள் பாவிக்கும் தாங்கற் கரைசலில் சோடியம் அசைட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலைப் பக்கம் இறுதியாண்டு ஆய்வு செய்கிற பிள்ளையாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "உங்கட கை சரியில்லை" என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

மட்டக்களப்பில் நான் முன்பு வேலை செய்த ஆய்வுகூடத்தில், கன்டிடா மதுவத்தின் கலச்சுவரில் இருக்கும் மனான் என்ற சர்க்கரைப் பொருளைக் குருதியில் தேடிக்கொண்டிருந்தோம். குழியின் அடியில் ஒட்டிய பிறபொருளெதிரி மனானைப் பிடிக்கும். அதன்மேல் பெரொக்சிடேசு என்ற நொதியம் பூட்டிய இன்னொரு பிறபொருளெதிரி வந்து ஒட்டும். நொதியம் பட்டால் நிறம் தரும் டிஎம்பி கரைசலை விட்டால் நீலம், அமிலம் விட்டால் மஞ்சள், 450 நானோமீற்றரில் வாசிப்பு. எங்கள் தட்டோ வெறும் தண்ணீராகவே கிடந்தது. பொறுப்பாக இருந்த சேர், நொதியப் பிறபொருளெதிரி வரும் வழியில் பஸ்ஸில் சூடுபட்டுச் செத்துவிட்டது என்று முடிவுகட்டினார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நொதியப் பிறபொருளெதிரியை ஒரு சின்னக் குழாயில் அலுமாரியில் இருந்த தாங்கலிலும், இன்னொன்றில் அன்று கரைத்த தாங்கலிலும் கலந்து, இரண்டுக்கும் டிஎம்பி விட்டேன். புதியதில் விட்ட கையோடு நீலம் சுருள் சுருளாக இறங்கியது. பழையதில் ஒன்றுமில்லை. போத்தலைத் திருப்பினால், பின்பக்கத்தில் மை மங்கிய எழுத்தில் 'அசைட்டு 0.1%'. கிருமி வளராமல் இருக்க யாரோ போட்டு வைத்தது. பெரொக்சிடேசை அது முடக்கிவிடும். அந்தப் போத்தலில்தான் நாங்கள் கலந்ததும் கழுவியதும்.

கிட்டோடு வரும் கரைசலையே பாவித்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் கேட்பீர்கள். அது பாதியில் முடிந்து, அடுத்தது எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் வேலை செய்தால் விளங்கும்.

அந்தப் போத்தலை அன்றே கொட்டினார்கள். காரணம் கண்டுபிடித்தது யார் என்று எந்தக் கொப்பியிலும் ஒரு வரி இல்லை. வாட்டுக்குப் போனால் இப்பவும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற நாங்கள் "ரத்தம் எடுக்கிற பிள்ளை"தான். நாலு வருடம் படித்த பட்டதாரியைக் கூப்பிடுகிற முறையா அது? வைத்தியர் மருந்து எழுத முதல் பார்க்கிற தாள் எங்கள் கையால் போவது. இதைச் சொன்னால் தலைக்கனம் என்பார்கள், சொல்லட்டும்.

சரி, உங்கள் விஷயம். உங்களுடைய நொதியம் அல்கலைன் பொசுபற்றேசு என்றால் அசைட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் பொசுபேற்றுத் தாங்கல் அதன் வேலையைக் குறைக்கும், டிரிசுத் தாங்கலுக்கு மாறுங்கள். அப்புறம், மனான் குருதியில் நெடுநேரம் தங்காது. ஒரு மாதிரியில் இல்லை என்று வந்தால் தொற்றே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இன்னொரு மாதிரி கேளுங்கள், குருதி வளர்ப்பும் கூடவே போகட்டும்.