புதுத் தோலில் பழமை எங்கே ஏறும்?

தோல் கைவினை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முந்தைய கொங்கு நாட்டு விவசாயக் குடும்பத்தைப் பற்றிய நாடகத்துக்காக, கவலை ஏற்றத்தின் (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பு) தோல் வாலையும், அதாவது நீர் கொட்டும் தோல் குழாயையும், மாட்டுத் தரகர் ஒருவரின் இடுப்புப் பணப்பையையும் ஈரோட்டில் வாங்கிய தோலில் கையால் தைத்தோம். காப்பித் தண்ணீர் பூசி, உப்புத்தாளால் முழுவதும் தேய்த்தும் அவை அழுக்கான புதுப் பொருள்களாகவே தெரிகின்றன. என்ன செய்வது?
வாசகர், பெருந்துறை

பதில்: முழுவதும் தேய்த்ததுதான் காரணம். புழங்கிய தோல் எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. கை படும் இடம் கறுத்து மினுங்கும், உராயும் மூலை வெளுத்து நார் தெரியும், மூடிக்கு அடியில் இருக்கும் பகுதி புதுநிறம் மாறாமல் இருக்கும். ஆகவே உப்புத்தாளை எடுப்பதற்கு முன், கண்ணபுரம் சந்தையில் நிற்கும் அந்தத் தரகர் நாள் முழுவதும் பையை எப்படிக் கையாண்டிருப்பார் என்று யோசியுங்கள். வலக்கைப் பெருவிரல் மூடியின் ஒரே ஓரத்தைத்தான் திரும்பத் திரும்பத் தூக்கும். வேட்டியில் உரசி வியர்வை ஊறும் பின்பக்கம், முன்பக்கத்தைவிடக் கறுத்து வழவழப்பாகியிருக்கும். வாரில் ஐந்து துளைகள் இருந்தாலும் ஒன்று மட்டுமே நீண்டு, அதன் குறுக்கே மடிப்பு விழுந்திருக்கும். மற்ற நான்கும் துளையிட்ட நாளில் இருந்தபடியே இருக்கும். இந்த ஒரு துளையைச் சரியாகச் செய்துவிட்டாலே பை பாதி பழையதாகிவிடும்.

உங்கள் தோல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டதாக இருந்தால் வேலை எளிது. ஆனால் கடுக்காய் கொண்டு முடித்த தோல் வெயிலில் மெதுவாகவே நிறம் மாறும்; நீலகிரியில் வளரும் வாட்டில் மரத்தின் பட்டையில் பதனிட்டதோ விரைவில் சிவக்கும். எனவே ஒரு துண்டை முதலில் மொட்டைமாடியில் போட்டுப் பார்த்து, நிறம் மாறும் வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு தைத்து முடித்த பொருளையே வெயிலில் வையுங்கள். தையலும் சேர்ந்து பழசாக வேண்டும். நைந்த தோலில் பளிச்சென்ற நூல் இருந்தால் முன்வரிசையில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கவலையின் தோல் வாலுக்குத் தனிக் கவனம் தேவை. நீர் மொள்ளும் இரும்புச் சாலோடு அது சேரும் விளிம்பில், ஈரமும் துருவும் பட்டு, பட்டையின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு வினைபுரிந்து தோல் கருநீலமாகக் கறுக்கும். அந்தக் கறையை நாமே உண்டாக்கலாம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவிட்டு (வாயு வெளியேற வேண்டியிருப்பதால் மூடியை இறுக்கக் கூடாது), வடிகட்டி, தண்ணீர் கலந்து, இரும்பு தொடும் விளிம்பில் மட்டும் ஒழுங்கற்ற பட்டையாகத் தடவுங்கள். கறுத்தபின் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து அமிலத்தைப் போக்க வேண்டும். இல்லையேல் தோல் நாளடைவில் நொறுங்கும். வாய்ப்பகுதி, தண்ணீர் கொட்டும் தொட்டியின் கல்லில் உராய்ந்து நார் நாராகப் பிரிந்திருக்கும். அங்கே மட்டும் கரடுமுரடான கல்லால் ஈரத்தோடு தேயுங்கள். உப்புத்தாள் விடும் நேர்க்கோடுகள் கல்லின் உராய்வைப் போல இரா.

மடிப்பு விழச் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கசக்கினால் போதும். கொதிநீரில் போட்டால் தோல் சுருங்கி மரக்கட்டையாகிவிடும். அதை மீட்க வழியில்லை. உலர்ந்தபின் விளக்கெண்ணெயை மிகச் சிறிதளவு தேயுங்கள். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுக்கேறும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும். அதன்பின் பையின் மூலைகளை 220 எண் உப்புத்தாளால் தொடங்கி 400 எண்ணால் முடித்து, கரித்தூள் கலந்த தேன்மெழுகை மடிப்புகளில் அழுத்தி, மேட்டில் ஒட்டியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் கருமையும் மேட்டில் மினுக்கமும் நிற்பதே கண்ணை நம்பவைக்கும்.

கேள்வி: கடையில் வாங்கிய என் தோல் பைக்கு வெயிலும் தேநீர்ச் சாயமும் சிறிதும் பலிக்கவில்லையே, ஏன்?
வாசகி, திருப்பூர்

பதில்: உள்விளிம்பில் சிறிது வெட்டிப் பாருங்கள். நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் உப்பில் பதனிட்டது. மேலே நிறப்பூச்சும் இருக்கும். துவர்ப்புச் சத்து இல்லாததால், மேலே சொன்ன ஆணி ஊறிய வினிகரைத் தடவினாலும் அது கறுக்காது. பூச்சை மூலைகளில் மட்டும் மென்மையாகத் தேய்த்தெடுத்து, அதே நிறத்தில் அடர்ந்த மெழுகு பூசலாம். அதற்குமேல் முயன்றால் பை கெடும்.

கேள்வி: நான் செய்து பழமையேற்றும் பைகளைப் 'பாட்டன் காலத்துப் பை' என்று சொல்லி விற்றால் இரண்டு மடங்கு விலை தருவதாக ஒரு வியாபாரி கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். நாடகம் பார்க்க வருபவருக்கு அது நாடகம் என்று தெரியும். காசு கொடுத்து வாங்குபவருக்குத் தெரியாது என்பதைத்தான் அந்த வியாபாரி விலையாக்குகிறார். பழமையின் சாயலை விரும்பி வாங்குவோர் பலர் உண்டு. அவர்களிடம் 'புதிதாகச் செய்து பழமையேற்றியது' என்று சொல்லியே நல்ல விலைக்கு விற்கலாம். அந்தத் தோற்றத்தை வரவழைக்க நீங்கள் செலவிடும் நாள்களுக்கே அந்த விலை தகும். கைமாறிப் போனபின்னும் ஐயம் எழாதிருக்க, தைப்பதற்கு முன்பே மூடியின் உட்புறத்தில் செய்த ஆண்டை இரும்பு அச்சால் ஆழமாகக் குத்திவிடுங்கள். மேலே மையால் எழுதினால் தேய்த்து அழித்துவிடுவார்கள்.