நாலு வருஷம் படித்துவிட்டுக் குப்பை எரிக்கவா?

வேலந்தாவளத்திலிருந்து ஓர் அண்ணா போன வாரம் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். டீ ஆறும்வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் மகளைப் பற்றிச் சொன்னார்: “பாப்பா கெமிக்கல் இன்ஜினியரிங் கேக்குதுங்க. சிமெண்ட் கம்பெனியில குப்பையை எரிச்சு சிமெண்ட் பண்றாங்களாம், அதுல வேலைக்குப் போகணுமாம். நாலு வருஷம் பணம் கட்டிப் படிச்சுட்டுக் குப்பை எரிக்கவாங்க? சொந்தத்துல எல்லாரும் நர்சிங்ல சேர்த்துடுங்கறாங்க.”

அன்று பாதிதான் பேச முடிந்தது, அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதி இங்கே.

அண்ணா, உங்கள் வீட்டுக்கும் வீடு வீடாகப் பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனை அக்காமார் வருவார்கள். 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, சுவரில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு, மூட்டையைத் தூக்கிப் போவார்கள். அதில் பால் கவருக்கும் பாட்டிலுக்கும் விலை உண்டு. சிப்ஸ் பாக்கெட், அறுந்த செருப்பு, கிழிந்த பை, எண்ணெய் படிந்த துணி இவற்றை பழைய சாமான் வாங்கும் எந்த ஆக்கர் கடைக்காரரும் சீண்டமாட்டார். அப்படி மிஞ்சுவதில் ஒரு பங்கு லாரி ஏறி, எல்லை தாண்டி, தமிழ்நாட்டு சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது.

அங்கே என்ன ஆகிறது என்பதைத்தான் உங்கள் பாப்பா சரியாகப் பிடித்திருக்கிறாள். கில்ன் என்னும் சுழலும் உலையில் சுண்ணாம்புக்கல் கலவை சுமார் 1450 டிகிரி வரை வேகும், தீ நாக்கு 2000 டிகிரியைத் தொடும். தோட்டத்து மூலையில் நாம் பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் வரும் கரும்புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நச்சு வாயு பிழைக்க முடியாத சூடு, அதிலேயே பல விநாடிகள் தங்கல், போதாததற்கு அமிலத்தைப் பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் சுண்ணாம்பு. எரித்தபின் சாம்பல்? அதுவும் கிளிங்கருக்குள், அதாவது உலையில் வெந்து வரும் சிமெண்ட் கட்டிகளுக்குள், கலந்து சிமெண்டாகிவிடும், தனியாகப் புதைக்க ஒன்றும் மிஞ்சாது. இப்படி நிலக்கரிக்குப் பதில் எரிபொருளாகவும், கல்மண்ணுக்குப் பதில் மூலப்பொருளாகவும் கழிவைச் சேர்ப்பதைத்தான் ஆலையில் ஏ.எஃப்.ஆர். (மாற்று எரிபொருள், மூலப்பொருள்) என்பார்கள். உங்கள் வீடு கட்டிய பிபிசி (போர்ட்லாண்ட் பொஸலானா) சிமெண்டிலேயே 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கலாம். சொன்னால் கொத்தனார்கூட நம்பமாட்டார்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1500 கிலோ கலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரும் குப்பையைப் புதைக்கக் கூடாது, எரிபொருளாக்க வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமலை எரிந்து கொச்சியே புகையில் மூச்சுத் திணறியதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். குப்பை குறையப்போவதில்லை.

சரி, படித்தவருக்கு இதில் என்ன வேலை? குப்பையை உலைக்குள் கொண்டுபோய்க் கொட்ட கன்வேயர் பெல்ட் இருக்கிறது. எதை, எவ்வளவு, எப்போது எரிக்கலாம் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆலைக்குப் போயிருந்தேன். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது. கேரளத்திலிருந்து வந்த லோடு, தார்ப்பாய் போட்டும் நனைந்திருந்தது. லேபிலிருந்து ஒரு பெண் கையுறையோடு வந்தார், எம்.எஸ்சி. வேதியியல். குவியலில் பத்து இடத்தில் கைவிட்டு எடுத்தார். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, தோசையைப் போல நாலாக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளினார். மிஞ்சியதைக் கலந்து மறுபடி நாலு. கடைசியில் ஒரு டப்பா அளவு மிஞ்சியது. அதை 105 டிகிரி அடுப்பில் காயவைத்து எடை போட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்.

இதில் கணக்கு எங்கே என்று கேட்டான் கூட வந்த பையன். அவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். காய்ந்தால் 3000 கிலோ கலோரி தரும் குப்பை 35 சதவீத ஈரத்தோடு வந்தால், எரிகிற பங்கிலிருந்து கிடைப்பது 1950. அந்த ஈரத்தை ஆவியாக்க இன்னும் 200 போகும். கைக்கு வருவது 1750. இதை நம்பி நிலக்கரியைக் குறைத்தால் கில்ன் சூடு இறங்கும், கிளிங்கர் வேகாது. அவர் போனில் ஷெட்டைக் கூப்பிட்டு, “இந்த லோடை இன்னிக்குப் போடாதீங்க, காய்ஞ்சதோட கலந்து நாளைக்குப் பார்க்கலாம்” என்றார். ஷெட்டில் ஒருவரும் மறுபேச்சு பேசவில்லை.

ஈரத்தைவிடப் பெரிய வில்லன் குளோரின். பிவிசி பைப், ரெக்சின், ஃப்ளெக்ஸ் பேனர் வழியாக உள்ளே வரும். உலைச் சூட்டில் ஆவியாகி மேலே போய், சூடு குறைந்த இடத்தில் தூசியோடு சேர்ந்து, உலைக்கு மேலே கலவையைச் சூடாக்கும் ‘சைக்ளோன்’ என்ற கூம்புக் கலத்தின் சுவரில் பாறை மாதிரி ஒட்டும். அடைத்துக்கொண்டால் ஆலையையே நிறுத்த வேண்டியதுதான். தேர்தல் முடிந்த மறுவாரம் வரும் லோடை லேப்காரர்கள் சந்தேகத்தோடு பார்த்தால் தப்பில்லை.

இனி படிப்பு. ஏ.எஃப்.ஆர். என்று பெயர் போட்டு யாராவது பட்டப்படிப்பு விற்றால் கிட்டே போகாதீர்கள், ஆலைகள் கேட்பது அடிப்படைப் படிப்பைத்தான். கெமிக்கல் இன்ஜினியரிங் நல்ல தேர்வு. கேரள நுழைவுத்தேர்வான கீம் எழுதி, திருச்சூர் அரசு பொறியியல் கல்லூரியில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். நம் ரேஷன் கார்டும் பள்ளியும் கேரளம் என்பதால் தமிழ்நாட்டு கவுன்சலிங்கை நம்ப வேண்டாம். கோவையில் மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்காகத் தோப்பை அடமானம் வைக்கவும் வேண்டாம். அதற்குப் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், மேலே எம்.எஸ்சி. என்று போவது எவ்வளவோ மேல், நான் பார்த்த லேப் பெண் வந்த வழியும் அதுதான். அதன்பின் சிமெண்ட்தான் என்று உறுதியானால், ஹரியானா பல்லப்கரில் உள்ள தேசிய சிமெண்ட் கவுன்சில் சிமெண்ட் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் மதுக்கரை சிமெண்ட் ஆலையும் வாளையார் மலபார் சிமெண்ட்ஸும் இருப்பதால் வேலை வீட்டுவாசலில் என்று நினைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல் இருக்கும் இடத்தில்தான் ஆலை. அரியலூர், கடப்பா, கலபுரகி என்று போக நேரும். தூசி உண்டு, ஷிப்ட் உண்டு. முதல் வேலை ஒப்பந்தக்காரரிடம் என்றால் ஆர்டரில் முதலாளி யார், பி.எஃப். உண்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சிமெண்ட் பிடிக்காமல் போனாலும் கெமிக்கல் படிப்பு வீணாகாது. உரம், பெயிண்ட், கொச்சி அம்பலமுகள் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று கதவுகள் உண்டு. நர்சிங் நல்ல படிப்புதான், ரத்தம் பார்த்தால் மயங்கும் பிள்ளைக்கு அல்ல. நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள்?

மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்றும் கிளம்பும்போது கேட்டீர்கள். சிமெண்ட் கம்பெனியில் இன்ஜினியர் என்று சொல்லுங்கள். பொய்யில்லையே.

ஃபாரம் வாங்குவதற்கு முன் ஒரு வேலை. வரும் சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் பஞ்சாயத்தின் பிளாஸ்டிக் சேகரிப்பு ஷெட்டுக்கு வாருங்கள், அக்காமாரிடம் கேட்டு வைக்கிறேன். அரைமணி நேரம் அந்தக் குவியல் பக்கத்தில் நிற்கட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினால் நர்சிங்கோ பி.காமோ பேசலாம். மூக்கைப் பொத்திக்கொண்டே கேள்வி கேட்டால் கீம் பற்றிப் பேசலாம். பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.