வாடகை வீட்டுக்கா, குளத்துக்கா?

கேள்வி: கணவருக்கு மாற்றலாகி, மே மாதம் கோவையிலிருந்து திருநெல்வேலிக்கு வருகிறோம். இங்கே நாங்கள் இருக்கும் அபார்ட்மென்டில் நீச்சல் குளம் உண்டு. ஒன்பது வயது மகன் அதில்தான் நீந்தப் பழகினான். அங்கேயும் அப்படி ஒரு வீடுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. குளம் உள்ள வீடு என்று புரோக்கர் சொல்வதெல்லாம் அதைத் தாண்டுகிறது. மாமியாரோ, "ஆறு ஓடுற ஊர்ல குளத்துக்கு யாராவது துட்டு குடுப்பாவளா?" என்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புத் தங்கச்சி, பையனின் அடம் நல்ல அடம். நீச்சல் பழகிய பிள்ளையை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆனால் வீட்டையும் குளத்தையும் ஒரே வாடகையில் தேடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம் இருக்கிறது. கட்டணம் கட்டி நீந்தலாம். கோடை விடுமுறையில் பயிற்சி வகுப்பும் நடக்கும். நீங்கள் மே மாதம் வருவதால் நேரம் பொருந்தி வருகிறது. பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் சாதாரண வீடாகப் பிடித்தால், குளத்துக்கு வண்டியில் போய்வர அதிக நேரம் ஆகாது. வந்து இறங்கியதும் முதல் வேலையாக நேரில் போய் நேரமும் கட்டணமும் கேட்டுவிடுங்கள்.

இல்லை, வீட்டோடுதான் குளம் வேண்டும் என்றால், வாடகையை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். மெயின்டனன்ஸ் தனி. சதுர அடிக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 1,100 சதுர அடி வீட்டுக்கு மாதம் 3,300 ஆகிறது. 13,000 ரூபாய் வீடு என்று சந்தோஷமாகப் போனால் கையை விட்டுப் போவது 16,300. அதை யார் கட்டுவது, நீங்களா, வீட்டுக்காரரா என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

அடுத்து அந்தக் குளத்தைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் குளத்தை நம்பித்தான் கூடுதல் வாடகைக்குப் போனது. ஒரு சித்திரையில் பார்க்கப் போனேன். குளத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நீல ஓட்டின் மேல் வேப்பஞ்சருகு, மூலையில் ஒரு கிரிக்கெட் பந்து, பாதி கழன்று தொங்கும் இரும்பு ஏணி. தண்ணி லாரிக்கு யார் காசு கொடுப்பது என்று அபார்ட்மென்டைக் கட்டியவருக்கும் குடியிருப்பவர்கள் அசோசியேஷனுக்கும் தகராறாம். அந்த வீட்டுச் சின்னப்பெண் தினமும் சாயங்காலம் அதன் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவள் அம்மா சொன்னார். எனக்கு மனசே ஆறவில்லை.

30 அடி நீளம், 15 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள சின்னக் குளத்துக்கே சுமார் 51,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி என்றால் நாலு லாரிக்கு மேல். வெயிலில் வற்றுவதைத் தினமும் நிரப்புவது வேறு. அதனால் புரோக்கர் காட்டும் போட்டோவை நம்பாமல், காலையில் ஒரு தடவை நேரில் போங்கள். குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் சல்லடை மேலிருந்தே பளிச்சென்று தெரிய வேண்டும். மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வியர்வையும் அழுக்கும் குளோரினோடு சேர்ந்தால்தான் அந்த நெடி வரும். மோட்டார் ரூமில் வடிகட்டி ஓடுகிறதா, தண்ணீரைச் சோதித்து எழுதிவைக்கும் நோட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு அதில் 7.2 முதல் 7.8 வரை இருந்தால் நல்லது. அந்த நோட்டைத் தயங்காமல் எடுத்துக் காட்டும் வாட்ச்மேன் இருக்கிற இடத்துக்கு நம்பிப் போகலாம்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஆனால் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் பேச முடியாது. குளம் வாடகைக்காரருக்கும் உண்டு என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, கைலாசபுரம் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியது. தரைத்தளம் பார்த்தால், அந்த வருஷம் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது.

மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. வற்றாத தாமிரபரணி இருக்கிற ஊர் இது. ஆனால் ஊருக்குள் ஆற்றில் சாக்கடை கலக்கிறது. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. குளத்தில் பழகிய பிள்ளைக்கு ஓடுகிற தண்ணீர் இழுக்கும் என்பதும் தெரியாது. அதனால் பயிற்சி குளத்திலேயே நடக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் போங்கள். ஆழம் தெரிந்த உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டு, பையன் இடுப்பளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் கை உங்கள் கைக்குள்ளேயே இருக்கட்டும்.