பிப்ரவரிக்கு இடம் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் (யூ.பி.) இருக்கிற ஹான்காக்கில் ஒரு பழைய வீட்டில் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறோம். இது எனக்கு மூன்றாவது பனிக்காலம். உள்ளூர்க்காரன் ஆகிவிட்டதற்கு அடையாளங்கள் என்று நாங்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். மைனஸ் 10 டிகிரியில் டி-ஷர்ட்டோடு போய்க் குப்பை போடுகிறோம். ஃப்ரிட்ஜில் இடமில்லாவிட்டால் சாம்பாரைப் பின்வாசல் படியில் வைக்கிறோம். கார் ஆன்டெனாவில் ஆரஞ்சுக் கொடி கட்டியிருக்கிறோம். 'சானா' என்று சொல்லாமல் சரியாக 'சௌனா' என்கிறோம். பேஸ்டிக்கு (இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்துச் சுட்ட பண்டம்) தொட்டுக்கொள்ள கெட்சப்பா கிரேவியா என்று சண்டை போடுகிறோம். கீழ்த்தள ஜன்னல்களைப் பனி மூடிவிட்டதால் திரைச்சீலை வாங்கும் செலவு மிச்சம். மைனஸ் 30 காட்டிய அன்று வெதர் ஆப்பைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம்.

இவ்வளவு இருந்தும், இங்கே பிறந்தவர்கள்தான் யூப்பர், அதாவது யூ.பி.க்காரர், என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையாட்டுவதோடு சரி, யாரும் ஒட்டுவதில்லை. நீங்கள் இங்கே ஒன்பது வருடம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது ஒருவர் தன்னை உள்ளூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம்? அப்புறம், நான்கு சக்கர டிரைவ் வண்டி அவசியமா?

ச.

*

அன்புள்ள ச.,

வண்டிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நல்ல பனிக்கால டயர் நான்கு வாங்குங்கள். நான்கு சக்கர டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. குவின்சி மலையிலிருந்து ஹான்காக்குக்கு இறங்கும்போது உங்களுக்கு வேண்டியது நிற்பதுதான். டிக்கியில் ஒரு மணல் மூட்டையும் ஒரு சின்ன ஷவலும் கிடக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் அந்த ஊரிலிருந்து எனக்கு ஒரு பார்சலும் வந்தது. பிரித்ததும் வீடு முழுக்க ஏலக்காய் வாசனை. நிசு ரொட்டி. ஃபின்லாந்திலிருந்து தாமிரச் சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே இன்றும் சுடுகிற பின்னல் ரொட்டி அது. நான் இப்போது மிச்சிகனின் இரண்டு தீபகற்பங்களையும் இணைக்கிற மேக்கினா பாலத்துக்குத் தெற்கே, டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் எங்களைப் 'பாலத்துக்கு அடியில் வாழும் பூதங்கள்' என்பார்கள். இங்கே ஜனவரியில் சேறும் உப்பும்தான். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உங்கள் பட்டியலைப் படித்தேன், சிரித்தேன், பிறகு கோபம் வந்தது.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தள ஜன்னல்களைப் பனி மூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் ஃபர்னஸின் புகைக்குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது? கூரை வழியாகப் போகிறதா, பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறதா? தெரியாது என்றால் இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு இப்போதே வெளியே போய்ப் பாருங்கள். அந்தக் குழாய் பனியில் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாசனை கிடையாது. நான்கு பிள்ளைகள் தூங்குகிற வீடு. காரைக் கிளப்பும் முன்பும் அப்படித்தான், பின்னால் போய் சைலன்சர் குழாய் பனிக்குள் புதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டி-ஷர்ட் விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் வயது. பேஸ்டி சண்டையில் நான் கெட்சப் கட்சி. சௌனாவை ஒத்துக்கொள்கிறேன், அது உண்மையான அடையாளம். ஆரஞ்சுக் கொடியும் சரிதான். தெருமுனைகளில் பனிச்சுவர் ஆள் உயரம் எழும்பிவிட்டால், எதிரே வருகிறவருக்கு முதலில் தெரிவது அந்தக் கொடி மட்டும்தான்.

ஆனால் அந்த வெதர் ஆப் படம்! தம்பி, நீங்கள் தப்பான ஊரின் பெருமையைப் பேசுகிறீர்கள். மைனஸ் 30 பெருமை மினசோட்டாக்காரர்களுடையது. ஹான்காக் இருக்கிற கீவினா தீபகற்பத்தைச் சுற்றிலும் சுப்பீரியர் ஏரி இருக்கிறது. அது குளிரைக் கொஞ்சம் தணிக்கிறது, பதிலுக்குப் பனியைக் கொட்டுகிறது. கனடாவிலிருந்து வருகிற வறண்ட குளிர்காற்று, உறையாத ஏரியின் மேல் வரும்போது ஈரத்தைக் குடித்துக்கொண்டு வருகிறது. மேட்டில் ஏறியதும் வாங்கியதையெல்லாம் இறக்கிவிடுகிறது. ஏரி உறைந்துவிட்டால் ஸ்நோ குறையும். அதனால்தான் கடும் குளிர் அடித்தால் அங்கே சில பெரியவர்களுக்குச் சந்தோஷம். அங்கே யாரும் டிகிரியைப் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரும் அங்குலம் பேசுவார்கள். ஹான்காக்கிலிருந்து 41-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால், மொஹாக் தாண்டி, சாலையோரம் தெர்மாமீட்டர் மாதிரி ஓர் உயரமான பலகை நிற்கும். அதுவும் பனியளவுதான். 1978–79 பனிக்காலத்தில் விழுந்த 390.4 அங்குலத்தை அதில் குறித்துவைத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு அடிக்கு மேல். அந்தப் பலகையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள், வெதர் ஆப் தேவைப்படாது.

உங்கள் பட்டியலில் என்னை உறுத்தியது இன்னொன்று. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதில் இருப்பதெல்லாம் நீங்கள், உங்கள் சாம்பார், உங்கள் டி-ஷர்ட், உங்கள் ஜன்னல். கெட்சப்புக்குச் சண்டை போட ஆள் இருக்கிறார்கள், வேறு எதற்கும் பக்கத்து வீட்டுக்காரர் வரவே இல்லை. பனி தள்ளுகிற ஸ்கூப் என்ற வார்த்தையே இல்லை. மூன்று பனிக்காலம் அந்தத் தெருவில் இருந்திருக்கிறீர்கள், ஸ்கூப்பைப் பற்றி ஒரு வரி இல்லை! வீட்டுச் சொந்தக்காரர் ஆள் வைத்துப் பனி எடுக்கிறார் போலிருக்கிறது. அதைவிட உங்களுக்கு யாரும் பெரிய கெடுதல் செய்துவிட முடியாது.

நான் 1997-ல் அங்கே போனேன். என் வீட்டுக்காரருக்கு ஆராய்ச்சி, எனக்கு வீடு. என் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. வண்டி ஓட்டத் தெரியாது. டிசம்பரில் எட்டரைக்கு மேல்தான் வெளிச்சம் வரும், ஐந்து மணிக்கெல்லாம் போய்விடும். நடுவில் இருக்கிற நேரத்துக்கு என்னிடம் இருந்த ஒரே வேலை பனி. கடையில் ஒரு பிளாஸ்டிக் ஷவல் வாங்கி, தினமும் இரண்டு தடவை அள்ளினேன். அள்ளி, டிரைவ்வேயின் ஓரத்திலேயே போட்டேன். பக்கத்தில்தானே இடம் இருக்கிறது, எதற்குத் தூரம் போக வேண்டும்? நவம்பரில் அது முழங்கால் உயரம். கிறிஸ்துமஸுக்கு இடுப்பளவு. பனி உயரமாக மட்டும் வளராது, சரிந்து சரிந்து உள்ளேயும் வரும். ஜனவரி முடிவதற்குள் ஷவலைத் தலைக்கு மேல் தூக்கி எறிய வேண்டியிருந்தது, எறிந்ததில் பாதி என் மேலேயே விழுந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் கார் உள்ளே வந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை. இரண்டு பக்கமும் சுவர். என் வீட்டுக்காரர் சீட்டுகளைத் தாண்டி, பின்பக்கக் கதவு வழியாக இறங்கி வந்தார். நான் வாசலில் நின்று அழுதுவிட்டேன். மூன்று மாதம் தினமும் செய்த ஒரே வேலை, அதையும் தப்பாகச் செய்திருக்கிறேன்.

மறுநாள் காலை வெளியே ஏதோ கரகரவென்று சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபது தாண்டியவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். அதுவரை எனக்கும் தலையாட்டுவதோடு சரி. நாங்கள் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. ஸ்கூப்பை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் பனிச்சுவரை வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஷவலை எடுத்தேன். அதை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். ஸ்கூப்பை என்னிடம் தந்தார்.

ஸ்கூப்பைப் பார்த்திருப்பீர்கள். பெரிய தகரத் தொட்டி மாதிரி வாய், இரண்டு கையாலும் பிடிக்கிற வளைந்த பைப் பிடி. அதில் தூக்குவது என்பதே கிடையாது. முழங்காலால் முட்டிப் பனிக்குள் செலுத்த வேண்டும். பிடியைக் கீழே அழுத்தினால் வாய் நிமிரும், சறுக்குவண்டியாகிவிடும். அப்படியே தள்ளிக்கொண்டு போய், குவியலின் மேல் ஏற்றிக் கவிழ்க்க வேண்டும். குவியலில் ஏற வழி வேண்டுமே, அதற்கு ஒரு சாய்தளம் கட்டி, ஸ்கூப்பின் முதுகால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். நம் ஊரில் மண்ணைத் திமிசு போடுவதுபோல. அதற்கு அவர்கள் 'பேங்க்' (pank) பண்ணுவது என்பார்கள். அமெரிக்காவின் மற்ற பக்கங்களில் அந்தச் சொல்லைச் சொன்னால் முழிப்பார்கள். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறித் தள்ளினோம். முடிந்ததும் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் 'ஒட்டுவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குச் சுர்ரென்று வந்தது. அவர்கள் பேச வருவதில்லை, தம்பி. தள்ள வருவார்கள்.

அடுத்த நவம்பர், முதல் ஸ்நோ. நான்கு அங்குலம்கூட இருக்காது. கதவைத் தட்டினார். என்னைக் கூட்டிக்கொண்டு போய், புல்தரையின் கடைசியில், வேலியோரம் ஒரு குச்சியை நட்டார். "முதல் பனியை அங்கே கொண்டுபோய்ப் போடு. பிப்ரவரிக்கு இடம் வேண்டும்" என்றார். அப்புறம் தெருவைப் பார்த்து நிற்கவைத்து வலது பக்கத்தைக் காட்டினார். டிரைவ்வேயின் வாயில் எடுக்கிற பனியெல்லாம் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். பனி தள்ளும் வண்டி இடமிருந்து வலமாகத்தான் நம் வாசலைக் கடக்கும். இடது பக்கம் போட்டால் அத்தனையையும் வழித்துக்கொண்டு வந்து வாசலிலேயே அணை கட்டிவிட்டுப் போகும். அதனால் இடது பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டிக் காலியாக வைக்க வேண்டும், வண்டி தன் சுமையில் கொஞ்சத்தை அங்கே உதிர்த்துவிட்டு வரும். எதிர்ப்பக்கம் தள்ளலாமே என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. தெருவுக்குக் குறுக்கே பனியைத் தள்ளுவது மிச்சிகனில் சட்டப்படி குற்றம், அதைவிட எதிர்வீட்டுக்காரர் முதுகில் சுமையை ஏற்றுவது. தீயணைப்புக் குழாயைச் சுற்றி எடுப்பது யார் வேலை என்றும் கேட்டேன். "யார் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர்கள் வேலை" என்றார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒன்பது பனிக்காலம் அதன் கம்பிக் கொடி மறையாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆறாவது வருடம் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலை முடித்துவிட்டு அவர் வாசலுக்குப் போவேன். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவசரத்தில் நான்கு ஸ்கூப்பை இடது பக்கம் போட்டுவிட்டேன். கண்ணாடியில் டக் டக்கென்று மோதிரத்தால் தட்டும் சத்தம். திரும்பிப் பார்த்தால் கைத்தடியை வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறார். நான்கையும் திரும்ப எடுத்தேன். அன்றைக்குத்தான் அவர் மனைவி முதல்தடவை நிசு கொண்டுவந்து தந்தார், சூடாக, துணியில் சுற்றி. அந்த ஏலக்காய் வாசனையில் அம்மாவின் சமையலறை வந்துவிட்டது. கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சாப்பிட்டேன். இந்த வாரம் பார்சல் அனுப்பியிருப்பது அவர்களின் மகள்.

என்னை யாரும் யூப்பர் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. 2014-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலேயே அந்தச் சொல் ஏறிவிட்டது. அதை அங்கே பிறந்தவர்களே வைத்துக்கொள்ளட்டும், உங்களுக்கு எதற்கு?

நாளைக் காலை வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் வருவதற்கு முன் எழுந்திருங்கள். கராஜில் ஸ்கூப் இருக்கும், அந்தப் பழைய வீடுகளில் இல்லாமல் இருக்காது. ஜனவரி பாதி தாண்டிவிட்டது. 19-ஆம் தேதி ஹெய்க்கி நாள். குகைக்குள் தூங்குகிற கரடி அன்றைக்குத்தான் புரண்டு படுக்கும், பனிக்காலத்தில் பாதி போய்விட்டது என்பது ஃபின்லாந்துக்காரர்களின் கணக்கு. ஹான்காக்கில் மாதக் கடைசியில் திருவிழாவே நடக்கும், தவறாமல் போய் வாருங்கள். அந்தக் காலத்தில் அன்றைக்குக் களத்துக்குப் போய், வைக்கோலில் பாதியாவது மீதி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நீங்கள் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்று, வலது பக்கக் குவியலைப் பாருங்கள். இன்னும் எத்தனை ஸ்கூப்புக்கு அங்கே இடம் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். ஃபர்னஸ் குழாய் எந்தச் சுவரில் என்பதையும்.

அன்புடன்,
அக்கா